நூலக அலமாரியில் இருக்கும் புத்தகம் கணினித் தேடலில் வராதபோது

தலைப்பை ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். 'தெருக்கூத்து' என்று தமிழில் போட்டால் ஒன்றுமே வரவில்லை, ஆனால் அலமாரியில் புத்தகம் இருக்கிறது என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்: பதிவு ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கும். அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். 'தெ'வுக்கு Te என்று போட்டவரும் உண்டு, The என்று போட்டவரும் உண்டு.

ஒரு சோதனை: அந்தப் புத்தகத்தில் முத்திரையோடு இருக்கும் அக்சஷன் எண்ணை, அதாவது நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் தனி எண்ணை, தேடலில் கொடுங்கள். பெயரை எப்படி ஏற்றியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அதே எழுத்துக்கூட்டலில் மற்றவற்றைத் தேடலாம்.

அப்புறம், கூத்து நூல்கள் ஒரே இடத்தில் இருக்காது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையில் நாட்டார் வழக்காறு 398, அரங்கக் கலை 792, தமிழ் இலக்கியம் 894.811. மூன்று அலமாரிகளையும் நேரில் பார்த்துவிடுங்கள், கணினியை விட இதுவே வேகம். கோலன் என்ற வேறொரு வகைப்பாட்டு முறையில் அடுக்கிய நூலகமென்றால் இந்த எண்கள் செல்லாது, நூலகரைக் கேளுங்கள்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் கூத்து பற்றிய ஆய்வேடு கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போய்த் துணைநூற்பட்டியலைப் பாருங்கள். ஆனால் அதிலுள்ள மேற்கோளை அப்படியே எடுக்க வேண்டாம், மூலநூலைத் திறந்து பக்க எண்ணைச் சரிபார்த்த பிறகு எடுங்கள்.