சிரிப்பு எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நகைச்சுவை என்றாலே திரைப்படக் காட்சிகளைத்தான் எங்கள் வீட்டில் பேசுகிறார்கள். அதற்கு முன்பு தமிழர் எதற்குச் சிரித்தார்கள்?
– வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: எட்டு மெய்ப்பாடுகளை (உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரியும் வகைகளை) வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையைத்தான் முதலில் வைத்தார், அது எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (வெகுளித்தனம்) என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்றார். இவற்றுள் எள்ளலுக்கு நம் மாவட்டமே சிறந்த சான்று தருகிறது. தருமபுரி தகடூராக இருந்த காலத்தில், அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகக் காஞ்சி மன்னன் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையிலேயே கிடக்கின்றன என்று அவர் பாராட்டுவதுபோலவே சொன்னார் (புறநானூறு, 95). ஒரு வசைச்சொல்கூட இல்லாத இந்த வஞ்சப் புகழ்ச்சிக்கு ஈடான கேலியை நான் இன்னும் படிக்கவில்லை.

திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தையும் மறந்துவிடாதீர்கள். துரியோதனன் கொலுவில் நின்றுகொண்டே கட்டியங்காரன் (கூத்தின் கோமாளி) நம் ஊர்ச் சாலையின் பள்ளங்களைப் பற்றிப் பேசுவான். அரசனும் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

கேள்வி: துணுக்குகளை மனப்பாடம் செய்து சொல்கிறேன், ஒருவரும் சிரிப்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: மனப்பாடத்தை விட்டுவிட்டுக் கண்ணில் படுவதைச் சொல்லிப் பாருங்கள். சென்ற மாதம் தருமபுரி பேருந்து நிலையத்தில், நிற்கவும் வழியில்லாத பேருந்தின் நடத்துநர் "இடம் இருக்குது, ஏறுங்க" என்று கூவிக்கொண்டிருந்தார். அதை நம்பிப் படியில் ஏறிய பாட்டி ஒருவர் சற்று நேரம் தடுமாறிவிட்டு, "ஒரு காலுக்குத்தான் இடம் இருக்குது கண்ணு, இன்னொரு காலை அடுத்த பஸ்ஸுல கொண்டாறியா?" என்று சாந்தமாகக் கேட்டார். நடத்துநரே முதலில் சிரித்துவிட்டு, யாரையோ எழுப்பி அவரை உட்காரவைத்தார். பாட்டி கோபித்திருந்தால் சண்டைதான் வந்திருக்கும்; நடத்துநரின் சொல்லை மெய்யென்று ஏற்றுக்கொண்டு, அதன்படியே ஒரு கணக்குக் கேட்டதுதான் அங்கே வேலை செய்தது.

ஆள்கூட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியில் விளையும் ஒரு வகை மாம்பழத்துக்குப் 'பெங்களூரா' என்று பெயர். பெங்களூரிலிருந்து வரும் உறவினர் ஊருக்குத் திரும்பும்போது அதையே கூடையில் கட்டிக்கொடுக்கிறோம். எந்த அலங்காரமும் சேர்க்காமல் இதை அப்படியே சொன்னால் போதும். சிரிக்கப் போகிறீர்கள் என்று முன்னறிவிப்புச் செய்வதுதான் பெரும்பாலான துணுக்குகளைக் கொல்கிறது. (எங்கள் அலுவலகத்தில் அப்படி அறிவித்தே அரை மணி நேரம் பேசுபவர் ஒருவர் உண்டு. இந்தப் பகுதியை அவர் படிப்பதில்லை என்பது என் துணிவு.)

கேள்வி: ஔவையாரின் கேலி தொண்டைமானுக்குப் புரிந்ததா?
– பள்ளி மாணவி, அரூர்

பதில்: பாடலில் அவனுடைய மறுமொழி இல்லை. தன் ஆயுதங்களைப் புகழ்ந்ததாகவே எண்ணி, அவர் விடைபெறும் நேரத்தில் இன்னும் இரண்டு வேல்களை எடுத்துக் காட்டியிருந்தாலும் வியப்பதற்கில்லை.