பேசாமல் வரிசையில் நில்லுங்கள்: கேள்வி பதில்

வேலூர்ப் பக்கம் கல்லூரிகளிலும் மகளிர் குழுக்களிலும் நான் நடத்தும் விளையாட்டு இது. பேசக்கூடாது, எழுதக்கூடாது, உதட்டையும் அசைக்கக்கூடாது. ஜனவரி ஒரு முனை, டிசம்பர் மறு முனை என்று பிறந்த நாள் வரிசையில் எல்லோரும் நிற்க வேண்டும். கடைசியில் ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்போம்.

காட்பாடி, கல்லூரி ஆசிரியர்: எத்தனை பேர் வேண்டும், மேடம்?

12 முதல் 20 பேர் போதும். பத்து நிமிடம் கொடுங்கள். பிறந்த வருடத்தைக் கேட்காதீர்கள், சிலருக்குப் பிடிக்காது.

பாகாயம், நர்சிங் மாணவி: அக்கா, எல்லோரும் சரியாகத்தான் காட்டினோம். வரிசை மட்டும் தப்பாகிவிட்டது. ஏன்?

விரல்தான் காரணம்மா. 23 என்று சொல்ல ஒருத்தி இரண்டு விரல் நீட்டுவாள், அப்புறம் மூன்று. எதிரில் நிற்பவள் கூட்டி ஐந்து என்று எடுத்துக்கொள்வாள். எட்டும் மூன்றும் காட்டினால் ஆகஸ்ட் 3-ஆ, மார்ச் 8-ஆ? ஆனாலும் இருவரும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். புரியாவிட்டாலும் தலையாட்டுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை!

அதனால் ஒரு விதி சேருங்கள்: பார்த்தவர் அதையே வேறு விதமாகத் திருப்பிக் காட்ட வேண்டும். இரண்டு, மூன்று என்று வந்தால், பத்து விரலையும் இரண்டு தடவை விரித்து, பிறகு மூன்று. அவர் ஒத்துக்கொண்ட பிறகே நகரலாம்.

உங்கள் வேலைக்கு இது ரொம்ப முக்கியம். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் வங்காளம், வடகிழக்குக்காரர்கள் நிறைய. நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘சரி’ என்று அர்த்தம். பழக்கமில்லாதவருக்கு அது ‘இல்லை’ போலத் தெரியலாம்.

குடியாத்தம், மகளிர் குழுத் தலைவி: எங்கள் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதியே தெரியாதே?

தேதியை விடுங்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதிதான் பலருக்கும் இருக்கும்! வேலூர்க் கோட்டையிலிருந்து அவரவர் ஊர் இருக்கும் தூரப்படி நிற்கச் சொல்லுங்கள். காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று வர வேண்டும். ஆம்பூர்க்காரர் காலில் இருக்கும் செருப்பைத் தொட்டுக் காட்டுவார். தோல் தொழிற்சாலை என்றால் ராணிப்பேட்டையும்தானே என்று பக்கத்தில் இருப்பவர் விழிப்பார். உடனே இவர் கரண்டி பிடித்து பிரியாணி கிளறிக் காட்டுவார், வழி பிறந்துவிடும். முதல் சைகை பலிக்காதபோது அடுத்ததைத் தேடுகிறார் பாருங்கள், அந்தப் பழக்கத்துக்காகத்தான் இந்த விளையாட்டு.

ஆற்காடு, வாசகர்: நாம் சொல்வதில் 93 சதவீதம் வார்த்தையில் இல்லை என்கிறார்களே சார்?

சார் இல்லை, மேடம்! அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளரின் 1967 ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு: வார்த்தை 7, குரல் 38, முகம் 55. பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்ற உணர்ச்சியைப் பற்றியது மட்டும்தான். எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பொருந்துமென்றால் ஒரு தேதியைச் சொல்ல இத்தனை பாடுபட வேண்டியதில்லையே.

ராணிப்பேட்டை, ஆசிரியை: காது கேளாத மாணவர் ஒருவர் வகுப்பில் இருக்கிறார். சேர்க்கலாமா?

தாராளமாக. முன்கூட்டியே அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சைகை மொழி தனி இலக்கணம் உள்ள மொழி. மற்றவர்கள் அதைக் கேலியாகக் காப்பியடிக்க விடாதீர்கள். தொடங்கவும் நிறுத்தவும் விசில் வேண்டாம், விளக்கை அணைத்து மறுபடியும் போடுங்கள்.