பெனிடோர்முக்குப் பின்னால் இருக்கும் மலை

வணக்கம். பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறேன். விமானமும் அறையும் சேர்த்து மலிவாகக் கிடைத்ததே என்று ஏப்ரல் கடைசியில் ஸ்பெயினின் கடற்கரை ஊரான பெனிடோர்முக்குப் பதிவு செய்துவிட்டோம். இப்போது படங்களைப் பார்த்தால் கரை நெடுகப் பல மாடிக் கட்டடங்களும் ஆங்கிலேயர்களுக்கான மதுக்கடைகளும்தான். பக்கத்தில் கூட்டமில்லாத, அசலான ஸ்பானியக் கிராமம் ஏதாவது உண்டா? எல்லோரும் குவாடலெஸ்ட் போகச் சொல்கிறார்கள். என் மனைவி சைவம்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். பெனிடோர்மைத் திட்டுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மீன்பிடி ஊராக இருந்ததை மாற்றியது மேயர் பெத்ரோ சராகோசா காலத்தில் 1956-இல் போட்ட நகரத் திட்டம். 2002-இல் திறந்த கிரான் ஹோட்டல் பாலியின் உயரம் 186 மீட்டர். ஆனால் மேலே எழும்பியதால் அந்த ஊர் பக்கவாட்டில் அவ்வளவாகப் பரவவில்லை. வடக்கே மொரைரா பக்கம் போய்ப் பாருங்கள், ஆளுக்கொரு நீச்சல் குளத்தோடு வில்லாக்கள் மலைச்சரிவையே தின்று வைத்திருக்கின்றன.

குவாடலெஸ்ட் அழகுதான். பாறை உச்சியில் மணிக்கூண்டு, கீழே நீர்த்தேக்கம். ஆனால் கடற்கரை விடுதிகளிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். உள்ளே பாதி நினைவுப்பொருள் கடைகள். போயே ஆக வேண்டுமென்றால் காலை ஒன்பதுக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள். வழியில் காயோசாவில் லோகாட் தோப்புகளை வலை போட்டு மூடியிருப்பார்கள். நீங்கள் போகும்போது பழம் பறிக்கிற பருவம், வாங்காமல் வராதீர்கள்.

நான் உங்களை அனுப்ப நினைப்பது வால் டி லகுவார் பள்ளத்தாக்குக்கு. காம்பெல், ஃபிளெய்ஷ், பெனிமாவ்ரெல் என்று மூன்று சிற்றூர்கள். பெனிடோர்மிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏபி-7 நெடுஞ்சாலையில் அந்தப் பகுதிக்கு 2020 முதல் சுங்கக் கட்டணம் கிடையாது.

அங்கே இருக்கும் அமைதி சும்மா வந்ததில்லை. 1609-இல் மூன்றாம் பிலிப் மன்னர் மொரிஸ்கோக்களை, அதாவது கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களை, நாட்டைவிட்டுத் துரத்த உத்தரவிட்டபோது, மறுத்தவர்கள் குடும்பம் குடும்பமாக ஏறி நின்ற மலை இந்தப் பள்ளத்தாக்கின் மேல்தான் இருக்கிறது. கவால் வெர்ட் என்று பெயர். தண்ணீர் இல்லாமல் தவித்து, அந்த நவம்பரிலேயே தோற்றார்கள். காலியான வீடுகளுக்கு மயோர்க்கா தீவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தெற்கே தார்பெனா ஊர்க்காரர்களின் பேச்சில் இன்றும் மயோர்க்கா வாடை அடிக்கும். அப்புறம் 1909-இல் இதே பள்ளத்தாக்கில் ஃபோன்டியெஸ் தொழுநோய் இல்லம் வந்தது. சுற்றிலும் நீளமாக மதில் எழுப்பினார்கள். கடைசியாகக் கரையில் ஹோட்டல்கள் வந்ததும், கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களை விட்டு இளைஞர்கள் சம்பளத்துக்குக் கீழே இறங்கினார்கள். நீங்கள் தப்பிக்க நினைக்கிற கூட்டமும் நீங்கள் தேடுகிற அமைதியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

ஃபிளெய்ஷிலிருந்து நரகப் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற பாறைப் பிளவை நோக்கி ஆயிரக்கணக்கான கல்படிகள் இறங்குகின்றன. பழைய கழுதைப் பாதை அது. எதிர்ச்சரிவில் நிலம் வைத்திருந்தவர்கள் இறங்கி, மறுபடி ஏறிப் போய் உழுதிருக்கிறார்கள். முழுச் சுற்று ஒரு நாள் வேலை, முழங்கால் வலிக்கும். முதல் இறக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் குறையில்லை. சனி, ஞாயிறு மட்டும் போகாதீர்கள்; மலையேறுபவர்களின் கூட்டம் குவாடலெஸ்டையே மிஞ்சும்.

சாப்பாட்டுக்கு வருவோம். வாரநாளில் காலை பத்து மணிவாக்கில் ஊர் பாருக்குள் போய் உட்காருங்கள். அல்முவெர்சோ, அதாவது முற்பகல் சாப்பாட்டு நேரம் அது. மண் ஒட்டிய காலணியோடு தோட்டத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் ஆலிவும் தோலோடு வேர்க்கடலையும் இருக்கும். முழங்கை நீள ரொட்டிக்குள் முட்டை அடை. கடைசியில் மது கலந்த காபி. யாரும் உங்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள், "புவெனோஸ் தியாஸ்" சொன்னால் போதும். உங்கள் மனைவிக்குத்தான் கொஞ்சம் சிரமம். இறைச்சி வேண்டாம் என்றால் சூரை மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் கணக்கில் அது இறைச்சியில்லை. மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். சுட்ட குடைமிளகாயும் கத்தரிக்காயும் சேர்ந்த எஸ்பென்கட் கிடைத்தால், மேலே போடும் கருவாட்டை மட்டும் தவிர்க்கச் சொன்னால் சரி.

பேருந்தை நம்ப முடியாது, கார் எடுங்கள். பர்மிங்ஹாமில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, கவனம். மலைச்சாலை முழுக்க சைக்கிள்காரர்கள் இருப்பார்கள். முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம். காரை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். உள்ளே சந்துகளில் நுழைந்துவிட்டால் திருப்ப இடமிருக்காது.

அன்புடன்.