சீனாவில் எதைப் பார்ப்பது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் என் வீட்டுக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஒரு டிராவல்ஸில் பத்து நாளில் ஏழு ஊர் காட்டுவதாகச் சொல்கிறார்கள், காலாண்டு விடுமுறையில் பேரனையும் கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைக்கிறோம். எனக்கு முட்டிவலி உண்டு. போகலாமா?
– வாசகி, திருமங்கலம்

போங்க அம்மா, தாராளமாகப் போங்க. ஆனால் அந்த ஏழு ஊர் திட்டம் வேண்டாம். பத்து நாளில் ஏழு ஊர் என்றால் பாதி நேரம் ரயில் நிலையத்திலும் லாபியிலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள், ஊருக்கு வந்தபின் எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்பதே குழம்பிவிடும். மூன்று ஊர் போதும். பெய்ஜிங், சியான், மூன்றாவதாக உங்கள் மனசுக்குப் பிடித்த ஒன்று.

அதைவிட முக்கியம் தேதி. நம் காலாண்டு விடுமுறை வரும் நேரத்தில்தான், அக்டோபர் 1 முதல் 7 வரை, சீனாவில் தேசிய தின விடுமுறை. நாடே பயணம் கிளம்பிவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் நிற்கிற மாதிரி இருக்கும் பெருஞ்சுவரின் மேல், அந்த நெரிசலில் முட்டிவலியோடு உங்களை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. பேரனுக்குக் கோடை விடுமுறை இருக்கிறதே, மே முதல் வாரத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். பெய்ஜிங்கில் குளிரும் இருக்காது, கடும் வெயிலும் இருக்காது.

பெருஞ்சுவருக்கு முட்டியன்யு என்ற பகுதிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ரோப் காரில் மேலே ஏறிவிடலாம், பெரும்பாலோர் போகும் பாதாலிங் பகுதியைவிடக் கூட்டமும் குறைவு. மேலே போன பிறகும் படிகள் உண்டு, ஆனால் ஒரு காவல் கோபுரத்தில் உட்கார்ந்துகொண்டு மலை மலையாகச் சுவர் ஏறி இறங்குவதைப் பார்த்தாலே போதும், முழுக்க நடந்தாக வேண்டும் என்று ஒன்றுமில்லை. பெய்ஜிங்கில் பேரரசர்கள் வாழ்ந்த, 1420-இல் கட்டி முடித்த அரண்மனை நகரம் திங்கள்கிழமை மூடியிருக்கும். டிக்கெட்டைப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும், இதைப் பயண ஏற்பாட்டாளரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கே வெளியே வந்தால் எதிரிலேயே ஜிங்ஷான் என்ற சின்னக் குன்று. முட்டி இடம் கொடுத்தால் மெதுவாக ஏறுங்கள், அத்தனை மஞ்சள் கூரைகளும் ஒரே பார்வையில் தெரியும் இடம் அதுதான்.

சியானுக்கு அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரம்போல ஆகும். சுடுமண் வீரர்கள் பேரனுக்கு நிச்சயம் பிடிக்கும். 1974-இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கையில் கிடைத்தது அது. இன்று மண் நிறத்தில் நிற்கும் அந்தச் சிலைகளுக்கு முதலில் வண்ணம் பூசியிருந்தார்கள் என்றும், அவற்றைச் செய்வித்த பேரரசர் சின் ஷி ஹுவாங்கைப் புதைத்த மேட்டை இன்றுவரை தோண்டவில்லை என்றும் போகிற வழியிலேயே அவனுக்குச் சொல்லிவையுங்கள், பார்க்கும் ஆர்வமே வேறாக இருக்கும்.

கேள்வி: சீனாவில் தமிழர்களோடு தொடர்புள்ள இடம் ஏதாவது உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் கதையா?
– கல்லூரி மாணவர், மேலூர்

இருக்கிறது தம்பி. ஃபூஜியன் மாகாணத்துக் கடற்கரையில் குவான்சோ என்று ஒரு ஊர். டிக்கெட் போடும்போது குவாங்சோ என்ற பெரிய நகரத்துக்குப் போட்டுவிடக் கூடாது, அது வேறு. அந்தக் காலத்தில் அரபு வணிகர்கள் சைத்தூன் என்று அழைத்த துறைமுகம் இது. மார்க்கோ போலோ பாண்டிய நாட்டையும் எழுதினார், இதையும் எழுதினார். அலெக்சாந்திரியாவுக்கு மிளகு ஏற்றி ஒரு கப்பல் போனால் சைத்தூனுக்கு நூறு கப்பல் வருகிறது என்பது அவர் கணக்கு. மிகையாக இருக்கலாம். ஆனால் 1974-இல் குவான்சோ விரிகுடாவில் தோண்டி எடுத்த சோங் அரச வம்சக் காலத்துக் கப்பலுக்குள் வாசனைக் கட்டைகளோடு மிளகும் இருந்தது.

இங்கே கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு 1281. சித்திரை மாதத்துச் சித்திரை நாளில், சம்பந்தப் பெருமாள் என்பவர் சீனத்துப் பேரரசரான கானின் திருமேனி நலத்துக்காக சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அப்போது அங்கே ஆட்சியில் இருந்தவர் குப்ளாய் கான், இங்கே மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன். நம் பக்கத்து வணிகர்கள் கடல் தாண்டிப் போய், அங்கே கோயில் எழுப்பி, அந்த ஊர் அரசன் நன்றாக இருக்கட்டும் என்று தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த ஊரோடு எவ்வளவு நெருங்கிப் பழகியிருப்பார்கள் பாருங்கள்.

அந்தக் கோயில் இன்று இல்லை. கற்கள் இருக்கின்றன. கைய்யுவான் என்ற புத்தர் கோயிலைப் பிற்காலத்தில் பழுது பார்த்தபோது அவற்றை எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள், அதனால் இப்போதும் அதன் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்றால் இரண்டு கல்தூண்களில் நரசிம்மரையும் கண்ணனையும் பார்க்கலாம். பெரும்பாலான கூட்டம் முன்பக்கம் கும்பிட்டுவிட்டு, வெளியே இருக்கும் இரண்டு கல் கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் பின்பக்கம் போங்கள். அப்புறம் அந்த ஊர்க் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், லிங்கத்தை யானை வழிபடும் சிற்பம் அங்கே இருக்கிறது. திருவானைக்காவல் கதை தெரிந்த எவருக்கும் அதன் முன்னால் விளக்கப் பலகை தேவைப்படாது. 2021-இல் யுனெஸ்கோ இந்த ஊரின் பழைய இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஷியாமென் வரை விமானத்தில் போனால் அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். நம் பக்கத்திலிருந்து சீனா போகிறவர்கள் ஷாங்காயில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது இதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியுமாமே?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, உசிலம்பட்டி

தெரியாது பாப்பா. சுவர் மிக நீளம்தான், ஆனால் அகலம் சில மீட்டர்தான், நிறமும் சுற்றியுள்ள மண்ணோடு ஒத்துப்போய்விடும். 2003-இல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றி வந்தபோதே தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நிலா அதைவிட எவ்வளவோ தூரம்.

கேள்வி: இயற்கைக் காட்சிக்கு ஜாங்ஜியாஜியே நல்லதா, குய்லின் நல்லதா?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

வயதானவர்கள் கூட வந்தால் குய்லின். லி ஆற்றில் படகில் உட்கார்ந்தபடியே யாங்ஷுவோ வரை நாலு மணி நேரம் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே போகலாம், இருபது யுவான் நோட்டின் பின்பக்கம் இருப்பது இந்த ஆற்றுக் காட்சிதான். ஜாங்ஜியாஜியேயில் மணற்பாறைத் தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன, பாறையை ஒட்டியே 326 மீட்டர் ஏறும் லிஃப்ட்டும் உண்டு, ஆனால் மேலே போன பிறகு நடை அதிகம். மூடுபனி இறங்கினால் எதிரே இருப்பதுகூடத் தெரியாது. ஒரே நாளை ஒதுக்கிப் போகாதீர்கள், இரண்டு நாளாவது தங்குங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடச் சேர்ப்பதில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பணம் எப்படி எடுத்துப் போவது?
– ஜவுளி வியாபாரி, கீழமாசி வீதி

பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கவனம் வேண்டும். காய்கறி என்று கேட்டு வாங்கியதிலும் கோழிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கலாம், சோயாவில் செய்யும் டோஃபு உணவிலேயே கொத்துக்கறி போடும் வகை உண்டு. அதனால் இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு, விலங்குக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று சீன மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக் காட்டுங்கள். பெரிய புத்தர் கோயில்களை ஒட்டி முழுச் சைவ உணவகங்கள் இருக்கும், அவை நம்பகமானவை. பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்காத இடங்களும் அவற்றில் உண்டு. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல் எடுத்துப் போங்கள். விடுதி அறையில் பெரும்பாலும் கெட்டில் இருக்கும், ரயிலிலும் நிலையத்திலும் வெந்நீர் இலவசமாகக் கிடைக்கும்.

பணத்துக்கு, கொஞ்சம் யுவான் கையில் இருக்கட்டும், ஆனால் அங்கே தெருக்கடை வரை எல்லாம் போன் ஸ்கேன்தான். அலிபே செயலியில் பாஸ்போர்ட் விவரத்தோடு உங்கள் வங்கியின் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைக்கலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கியில் திறந்துவிட்டு, ஓடிபி வருவதில் தொல்லை இல்லாதபடி மதுரையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். விடுதி வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது, நம் சிம்மிலேயே சர்வதேச ரோமிங் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஓடும். கடைக்கு ஆள் வைத்துவிட்டுப் போகிறவர் நீங்கள், கொள்முதல் பேச்சுக்காவது அது வேண்டியிருக்கும்.