டிக்கெட்டை எண்ணினால் வேலை தெரியுமா?

கேள்வி: ஆறு பேர் சேர்ந்து மென்பொருள் எழுதுகிறோம். யார் எத்தனை டிக்கெட் (ஒதுக்கிய வேலைத் துண்டு) மூடினார், எத்தனை கமிட் (நிரலில் செய்த மாற்றத்தின் பதிவு) போட்டார் என்று மாதக் கடைசியில் முகாமையாளர் பட்டியல் எடுக்கிறார். இது சரியா? வேறு எப்படி அளப்பது?
– வாசகர், ஹட்டன்

பதில்: அந்தப் பட்டியலை இந்த மாதமே நிறுத்தச் சொல்லுங்கள். கமிட்டை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் ஒரே மாற்றம் ஐந்து துண்டாக உள்ளே போகும். சிக்கலான பிழையை எவரும் தொடமாட்டார். மற்றவரின் நிரலை வாசித்துத் திருத்தம் சொல்கிறவர் பட்டியலின் அடியில் கிடப்பார். கிலோவுக்காக முற்றின இலையையும் கூடையில் போட்டால் தராசு ஏறும், தேயிலை கெடும்; உங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த கணக்குத்தான்.

ஆளை விட்டுவிட்டு, வேலை போகும் பாதையை அளவிடுங்கள். மென்பொருள் வெளியீட்டை ஆராயும் டோரா (DORA) ஆய்வுக் குழு பரப்பிய நான்கு அளவுகள் உங்களுக்குப் போதும்: எத்தனை தடவை வெளியிடுகிறீர்கள், ஒரு கமிட் பாவனையாளரிடம் போய்ச்சேர எவ்வளவு நேரம், எத்தனை வெளியீடு பழுதானது, பழுதை மீட்க எவ்வளவு நேரம். 20 வெளியீட்டில் 3 பழுதானால் 15 சதவீதம்.

நேரத்துக்குச் சராசரி எடுக்க வேண்டாம். ஏழு மாற்றங்களுக்கு 1, 1, 2, 2, 3, 4, 22 நாள் பிடித்திருந்தால் சராசரி 5, இடையம் (வரிசையின் நடு எண்) 2. உங்கள் வழமையான வேகம் அந்த 2தான். 22 நாள் ஏன் இழுத்தது என்பதைத் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

பிறகு அந்த நேரத்தை மூன்றாக வெட்டுங்கள்: எழுதியது, ரிவ்யூவுக்கு (மற்றவர் வாசித்துச் சரிபார்ப்பதற்கு) காத்திருந்தது, வெளியீட்டுக்குக் காத்திருந்தது. புல் ரிக்குவெஸ்ட் (மாற்றத்தை இணைக்கச் சொல்லும் கோரிக்கை) திறந்த நேரம், முதல் கருத்து வந்த நேரம், இணைத்த நேரம் எல்லாம் பதிவில் இருக்கும். ரீபேஸ் செய்த (வேறொரு கமிட்டின் மேல் மீண்டும் அடுக்கிய) கமிட்டுகளில் கமிட்டர் திகதி மாறிவிடும். முதலில் எழுதிய நாளைக் காட்டும் ஆத்தர் திகதியை எடுங்கள். நான்கு வாரத் தரவை ஒரு விரிதாளில் போட்டாலே அடைப்பு எங்கே என்று தெரியும். பெரும்பாலும் ரிவ்யூ வரிசையில்தான்.

அங்கேதான் அடைப்பு என்றால், 400 வரிக்கு மேற்பட்ட மாற்றங்களைப் பிரித்து அனுப்புங்கள். நீளமானதை வாசிக்கிறவர் பாதியில் களைத்து ஒப்புதல் போட்டுவிடுவார். ரிவ்யூவுக்குக் காலையில் ஒரு நேரம், பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நேரம் ஒதுக்குங்கள். திறந்து வைத்த வேலையையும் குறையுங்கள். நாளுக்கு 3 முடிக்கும் குழுவிடம் 18 திறந்திருந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக 6 நாள் நிற்கும். அதே வேகத்தில் 9 மட்டும் திறந்திருந்தால் 3 நாள்.

இந்த எண்களைத் தனியாளின் சம்பள உயர்வோடு முடிச்சுப் போட்டால் பழைய பட்டியலே வேறு பெயரில் திரும்பி வரும்.

கேள்வி: வேலை பிந்திவிட்டது. ஆறு பேரோடு இன்னும் மூவரைச் சேர்க்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் பிந்தும் என்று மென்பொருள் பொறியியலாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதினார். ஆறு பேருக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சோடிகள் 15. ஒன்பது பேரென்றால் 36. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அந்தப் பழைய ஆறு பேர்தான். இந்த வெளியீட்டில் தள்ளிவைக்கக்கூடிய அம்சங்களை இப்போதே வெட்டுங்கள். ஆளை அடுத்த வெளியீட்டின் தொடக்கத்தில் சேருங்கள். முதல் வாரம் சிறு பிழைகளையும் டெஸ்ட் எழுதுவதையும் கொடுங்கள்.