கேள்வி – பதில்: தடை விற்பனைக்குத்தான், குடிப்பதற்கு அல்ல

கேள்வி: அமெரிக்காவில் நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்த காலத்தில், ஒருவர் தம் வீட்டுக்குள் அமர்ந்து குடித்தாலும் குற்றமாகக் கருதப்பட்டதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: நாட்டுச் சட்டத்தின்படி இல்லை. 1920 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்த 18ஆவது அரசியலமைப்புத் திருத்தம், போதை தரும் பானங்களைத் தயாரிப்பதையும், விற்பதையும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதையும், ஏற்றுமதி இறக்குமதி செய்வதையும் தடுத்ததே தவிர, குடிப்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில மாநிலங்கள் இதைவிடக் கடுமையான சட்டங்களைத் தனியே வைத்திருந்தன என்பது வேறு. திருத்தத்தைச் செயல்படுத்துவதற்காக இயற்றப்பட்ட வோல்ஸ்டெட் சட்டம், 0.5 விழுக்காடு ஆல்கஹால் இருந்தாலே அது போதைப் பானம் என்று கறாராக வரையறுத்தது. ஆனால் அதே சட்டம், தடைக்கு முன் வாங்கி வீட்டில் வைத்திருந்த மதுவை வீட்டார் குடிப்பதற்கும் விருந்தினருக்குக் கொடுப்பதற்கும் இடமளித்தது. ஆகவே வசதி படைத்தவர்கள் தடை வருமுன்னரே நிலவறைகளை நிரப்பிக்கொண்டார்கள். அன்றாடக் கூலியில் அன்றாடம் வாங்கிக் குடித்த ஆலைத் தொழிலாளிக்கு இந்தச் சலுகையால் ஒரு சொட்டுப் பயனும் இல்லை.

வீட்டு உபயோகத்துக்குப் பழச்சாறு தயாரிக்கவும் அனுமதி இருந்தது. அந்தச் சாறு புளித்து மதுவாவதை எந்த அதிகாரி வீடு வீடாகச் சென்று பார்ப்பார்? அழிந்துவிடும் என்று அஞ்சப்பட்ட கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்கள் அந்த ஆண்டுகளில் விரிவடைந்தன. கட்டியாக்கிய திராட்சைச் சாற்றை விற்றவர்கள், நீரில் கரைத்து இத்தனை நாள் மூடி வைத்தால் இது மதுவாகிவிடும், எனவே அவ்வாறு செய்யக்கூடாது என்று எச்சரித்தார்கள். அதைவிடத் தெளிவான செய்முறைக் குறிப்பு வேறு தேவையில்லை.

கேள்வி: மருத்துவரே மதுவை மருந்தாக எழுதிக் கொடுத்தார் என்று ஒரு நண்பர் சொன்னார். நம்பலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நம்பலாம். இதற்கென அரசே அச்சிட்ட சீட்டில் மருத்துவர் எழுதித் தந்தால், பத்து நாளைக்கு ஒரு பைண்ட், அதாவது ஏறத்தாழ அரை லிட்டர் விஸ்கியை மருந்துக் கடையில் வாங்கலாம். இதில் வேடிக்கை, மதுவுக்கு மருத்துவப் பயன் இல்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1917இலேயே தீர்மானம் போட்டிருந்தது என்பதுதான். 1931 டிசம்பரில் நியூயார்க்கில் கார் மோதிக் காயமடைந்த வின்ஸ்டன் சர்ச்சிலுக்கும் இப்படி ஒரு சீட்டு கிடைத்தது. உணவு வேளையில் மது தேவை என்றும், குறைந்தது 250 கன சென்டிமீட்டர் வேண்டும் என்றும் அதில் மருத்துவர் எழுதியிருந்தார்; உச்ச அளவை எழுதவில்லை. தேவாலயங்களுக்கும் யூதர்களின் சமயச் சடங்குகளுக்கும் திராட்சை மது தனியே அனுமதிக்கப்பட்டது.

கேள்வி: நம் ஊரில் நடப்பதைப் போன்ற கள்ளச்சாராயச் சாவுகள் அங்கும் நடந்தனவா?
– வாசகர், கடலூர்

பதில்: நடந்தன, காரணமும் பெரும்பாலும் அதே மெத்தனால்தான். சாயம், வண்ணப்பூச்சு போன்ற தொழில்களுக்கு ஆல்கஹால் தேவைப்பட்டதால், அதை யாரும் குடித்துவிடாதபடி மெத்தனால் முதலிய நஞ்சுகளைக் கலந்தே விற்க வேண்டும் என்பது அரசின் விதி. கள்ளச் சரக்கு விற்றவர்கள் அதைத் திருடி, வேதியியல் தெரிந்தவர்களைக் கூலிக்கு அமர்த்தி நஞ்சைப் பிரித்தெடுத்து விற்றார்கள். அரசு பின்வாங்கவில்லை, நஞ்சின் அளவைக் கூட்டியது. 1926ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸை ஒட்டி நியூயார்க்கில் பலர் இறந்தபோது, நகரின் தலைமைச் சவப் பரிசோதனை அதிகாரி சார்லஸ் நோரிஸ் அரசையே வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். நல்ல சரக்கு வாங்க வழியற்ற ஏழைகளே இதில் சாகிறார்கள் என்பது அவர் வாதம். மக்கள் இதை எப்படியும் குடிப்பார்கள் என்று தெரிந்த பின்னும் நஞ்சைக் கூட்டியதை எச்சரிக்கை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

1930இல் நடந்தது இன்னொரு விதம். 'ஜேக்' என்று பேச்சுவழக்கில் சொல்லப்பட்ட ஜமைக்கா இஞ்சிச் சாறு, செரிமான மருந்து என்ற பெயரில் மருந்துக் கடைகளில் கிடைத்தது. அதில் பெரும்பகுதி ஆல்கஹால். குடிக்க முடியாத அளவு காரம் இருக்கும்படி இஞ்சிச் சத்து சேர்க்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியிருந்தது. சோதனையில் தேறுவதற்காக, இஞ்சிக்குப் பதிலாக, பிளாஸ்டிக்கை இளக்கப் பயன்படும் ஒரு வேதிப்பொருளைத் தயாரிப்பாளர்கள் கலந்தார்கள். அது நரம்புகளைத் தின்றது. பல்லாயிரம் பேருக்குப் பாதத்தைத் தூக்க முடியாமல், நிலத்தில் தட்டித் தட்டி நடக்கும் நிலை வந்தது. தெருவில் ஒருவர் நடந்து வரும் ஓசையைக் கேட்டே அவர் எதைக் குடித்தார் என்று அக்கம்பக்கத்தார் அறிந்துகொண்டார்கள்.

கேள்வி: மதுவிலக்கைக் கேட்டுப் போராடியவர்கள் பெண்கள்தானே? பின்னர் அவர்களே ஏன் எதிர்த்தார்கள்?
– வாசகி, ஈரோடு

பதில்: எல்லாப் பெண்களும் எதிர்க்கவில்லை. 1874 முதல் இயங்கிய பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் கடைசி வரை தடையையே ஆதரித்தது. அதன் இலக்கு, கணவனின் கூலியை வீடு வந்து சேருமுன் விழுங்கிய 'சலூன்'. (நமக்கு அது முடிதிருத்தகம், அங்கே அது ஆண்கள் கூடும் மதுக்கடை.) சலூன்கள் மூடப்பட்டதும், கதவில் மெல்லப் பேசி உள்ளே நுழையும் ரகசியக் கூடங்கள் முளைத்தன, அங்கே பெண்களும் இளைஞர்களும் வந்தார்கள். இரண்டு மகன்களின் தாயும் குடியரசுக் கட்சிப் பிரமுகருமான பாலின் சாபின், பிள்ளைகளின் நலன் கருதியே முதலில் தடையை ஆதரித்தவர். பிள்ளைகளின் கண்ணில் மதுவுக்கு இருந்த கவர்ச்சியைத் தடையே கூட்டிவிட்டது என்று கண்டு, 1929இல் அதை நீக்கக் கோரும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். 1933 டிசம்பர் 5 அன்று தடை நீங்கியபோது, முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டது. மற்ற மாநிலங்களெல்லாம் கைவிட்ட பின்னும் மிசிசிப்பி 1966 வரை தன் மதுவிலக்கை விடவில்லை.