வரி கட்டாதவர்கள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வருமான வரியாகப் போய்விடுகிறது. அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை எதையும் நான் பயன்படுத்துவதில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒரு ரூபாய் வரி கட்டுவதில்லை. இலவசப் பேருந்தில் வந்து போகிறார். விவசாய வருமானத்துக்கும் வரி கிடையாது. சம்பளக்காரன்தான் ஊருக்கெல்லாம் படியளக்க வேண்டுமா?

க., சென்னை

அன்புள்ள க.,

உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். நானும் முப்பது ஆண்டுகள் மாதச் சம்பளம் வாங்கியவன். பிப்ரவரி பிடித்தம் வந்தால் எங்கள் வீட்டில் மீன் நின்றுவிடும். விவசாய வருமானம் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி; நாலு தென்னையைக் காட்டிக் கோடிகளை வெளுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம்.

"ஒரு ரூபாய் வரி கட்டுவதில்லை" என்று எழுதினீர்களே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். படித்தவர் எழுதுகிற பேச்சா இது? அந்த அக்கா 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 30 ரூபாய் ஜிஎஸ்டி. சோப்புக்கும் பற்பசைக்கும் 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் கொடுத்தார், இப்போது 5. வீட்டுக்காரர் குடிப்பவரென்றால் அந்தக் கணக்கு தனி. உங்கள் வருமான வரியை வாங்குவது ஒன்றிய அரசு. பேருந்துக்குக் கொடுப்பது மாநில அரசு. ஒன்றிய அரசிடமிருந்து ஒரு பங்கு இங்கே வருகிறதுதான். ஆனால் தமிழ்நாட்டின் வருவாயில் பெரும்பகுதி பெட்ரோல், மது, பத்திரப் பதிவு, ஜிஎஸ்டி என்று இங்கேயே திரட்டுவது. அவர் ஏறும் பேருந்துக்கு அவரும்தான் காசு போட்டிருக்கிறார். என்ன, உங்களுக்கு வரி பிடித்ததற்குச் சான்றாக ஃபாரம் 16 தருகிறார்கள். அவருக்கு மளிகைக் கடைக்காரர் பென்சிலால் கூட்டிப் போட்ட துண்டுச் சீட்டு.

ஒரு காலத்தில் இந்த வரி கண்ணுக்குத் தெரிந்தது. என் அம்மா கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார். தீப்பெட்டிக்குக் கலால் வரி 1934இல் வெள்ளைக்காரன் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் யாரும் எடுக்கவில்லை. வரி செலுத்தியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியிலும் மெல்லிய காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். அதைப் பிய்க்காமல் பெட்டியைத் திறக்க முடியாது. பீடி பற்றவைக்கிற கூலிக்காரர்கூடக் கட்டைவிரலால் வரியைக் கிழித்துவிட்டுத்தான் குச்சியை எடுத்தார். அம்மாவுக்குப் பட்டைகளை எண்ணிக் கொடுப்பார்கள். ஒன்று பசையில் ஊறிக் கிழிந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டும். சாயங்காலம் அவர் விரல் நுனிகளில் பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். சோற்றைப் பிசையும் முன் சுவரில் தேய்த்து உதிர்ப்பார்.

அந்தப் பட்டை போய்விட்டது. வரி விலைக்குள் கரைந்துவிட்டது. உங்களைப் போன்ற நல்ல பிள்ளைகளே இப்படி எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

கடையில் வாங்கிய பெட்டியென்றாலும் அம்மா பட்டையைக் கிழிக்கமாட்டார். நகத்தால் ஓரம் நெம்பி முழுசாக உரித்தெடுப்பார். நான் ஒருமுறை வெடுக்கென்று கிழித்ததற்குப் புறங்கையில் அடி விழுந்தது.